ஏழாம் விதியும் எங்கள் வீட்டு இங்கிலாந்துக் காரும்

செங்கல்பட்டுப் பழைய கார் அபிமானிகள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஏற்ற நிமிடம் முதல் கைக்கடிகாரத்தையே கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் திரு. லட்சுமணன் அவர்களே, அவருக்கு இருபுறமும் வீற்றிருந்து, அவர் தலையசைத்தால் தாமும் அசைக்கும் செயற்குழுச் சான்றோர்களே, முன்வரிசையில் அமர்ந்து, சமையற்கட்டிலிருந்து வரும் போண்டா வாசனையில் பாதி உள்ளத்தை ஏற்கெனவே பறிகொடுத்துவிட்ட பெரியோர்களே, "வீட்டுக்காரர் எங்கே" என்று யார் கேட்டாலும் "வண்டிக்குக் கீழே" என்று சொல்லிச் சொல்லி நாத்தழும்பேறிய தாய்மார்களே, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாத காளையர்களே, உங்கள் அனைவரின் பாதங்களுக்கும், அவற்றில் ஒட்டியிருக்கும் கிரீசுக்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "சங்கத் தமிழில் தேர்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அழகான தலைப்பு. அடக்கமான தலைப்பு. யாருக்கும் தீங்கு செய்யாத தலைப்பு. அதற்குத்தான் ஒப்புக்கொண்டு குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் நேற்று மாலை செயற்குழு ஒரு தீர்மானம் போட்டது. அதைக் கேட்ட பிறகு குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்றைக்கும் நான் தேரைப் பற்றித்தான் பேசப் போகிறேன் ஐயா, பயப்படாதீர்கள். என்ன, இந்தத் தேருக்கு எண்ணெய் ஒழுகும்.

என்னைத் தெரியாத விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் பெருந்தேவி. செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தலையைக் குனிந்து அழைப்பிதழின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாரே, கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், அவர் திரு. வெங்கடராகவன். என் கணவர். அழைப்பிதழின் பின்பக்கத்தில் ஒன்றுமே அச்சடிக்கவில்லை என்பதை அவருக்கு இந்த மேடையிலிருந்து தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்தது, என்னைவிட மூத்தது. இரண்டே இருக்கை. மேலே துணிக்கூரை உண்டு. வெயில் அடிக்கும்போது அழகாக மாட்டலாம், மழை வந்தால் மாட்ட வராது. செய்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது மூடி வெகுகாலம் ஆயிற்று. திறந்திருந்தால் நான் வழக்குப் போட்டிருப்பேன். வாசலில் நான் கோலம் போடுகிறேன், போர்ட்டிகோவில் அது எண்ணெயால் போடுகிறது. என் கோலம் மாலைக்குள் அழிந்துவிடும்.

முல்லைக்கொடி படர்வதற்குத் தன் தேரையே கொடுத்துவிட்டு நடந்து போனான் ஒரு மன்னன் என்று பள்ளியில் படித்தோமே, அன்றைக்கு அவன் கொடைத்திறத்தை வியந்தோம். இந்தக் கார் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் தேருக்கு ஸ்பேர் கிடைத்திருக்காது. மன்னன் நல்ல சாக்குப் பார்த்து இறங்கியிருக்கிறான். கொடிக்குத்தான் பாவம், வாய் இல்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் விழாவுக்கு மறுநாள் காலை நம் சங்கத்துக் கார்கள் இங்கிருந்து புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரை ஊர்வலம் போகின்றன. முதல் வண்டியாகப் போவது எங்கள் வண்டி. ஓட்டுபவர் என் கணவர். வருடம் முழுவதும் வாயைத் திறக்காத மனிதர், அந்த ஒரு காலையில் மட்டும் திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் யாரென்று தெரியாதவர்களுக்கெல்லாம் கையசைப்பார். நாளைய ஊர்வலத்தில் அந்த வண்டி கிடையாது. அதுதான் நேற்றைய தீர்மானம். காரணம், சங்கத்தின் ஏழாம் விதி. "இங்கிலாந்திலிருந்து வராத உதிரிபாகம் பொருத்திய எந்த வண்டியும் ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாகாது." எங்கள் வண்டியின் இன்ஜினுக்குள் இப்போது ஓர் அந்நிய நாட்டுப் பாகம் இருக்கிறது. அந்த அந்நிய நாட்டின் பெயர் சிங்கப்பெருமாள் கோயில்.

நாளைக் காலை நீங்கள் எல்லாரும் மாமல்லபுரம் போகும் நேரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு லாரி வருகிறது. படூரில் உணவகம் வைத்திருக்கும் ஒருவர் வெகுநாளாக வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஊர்வலத்துக்குப் போகாத வண்டி எனக்கு எதற்கு" என்று நேற்றிரவே இவர் சரி சொல்லிவிட்டார். வாங்குபவருக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டும் உத்தேசமும் இல்லை. பானெட்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினை எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் நிரப்பி, ஜூஸ் கவுண்டர் வைக்கப் போகிறாராம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நல்லது. இதுதான் வழக்கு. இந்த வழக்கில் நான் யார் கட்சி என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. அந்த வண்டி எப்போது தொலையும் என்று காத்திருந்தவள் நான். இன்றைக்கு அதற்காக வாதாட வந்திருக்கிறேன். எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் எண்ணெயிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெயா, கடலையெண்ணெயா, விளக்கெண்ணெயா? அந்தச் சண்டையெல்லாம் சமையற்கட்டோடு சரி. இன்ஜின் ஆயில் சண்டை இருக்கிறதே, அது சம்பிரதாயச் சண்டை. நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் தாய்மார்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமல் இருப்பதே நலம். பழைய கனிம எண்ணெய்தான் வேதம் என்பார் ஒரு சாரார். புதிய செயற்கை எண்ணெய்தான் மோட்சம் என்பார் இன்னொரு சாரார். இரண்டுக்கும் நடுவில், எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஒரு சின்ன பாட்டிலிலிருந்து துத்தநாகச் சத்து இரண்டு மூடி சேர்த்தால் போதும் என்று தீர்த்தம் கொடுப்பவர்கள் மூன்றாவது சாரார். வடகலையும் தென்கலையும் பார்த்து வளர்ந்தவள் நான். அவர்களாவது வருஷத்துக்கு ஒரு முறை உற்சவத்தின்போதுதான் அடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சண்டையில் நான் அறிந்துகொண்ட உண்மை மிக எளியது. பழைய இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசுகின்றன. நடுவில் துத்தநாகம் கலந்த எண்ணெய் இருந்தால் தேயாது. புதுக் கார்களுக்கான எண்ணெயில் அது குறைவு, ஏனென்றால் புதுக் கார்களுக்கு அது ஆகாது. இன்னொன்று, புதிய மெல்லிய எண்ணெய் மகா புத்திசாலி. பழைய இன்ஜினுக்குள் ஊற்றினால், வெளியே போக வழி எங்கே என்றுதான் முதலில் தேடும். ஆகவே துத்தநாகம் உள்ள, கனமான, கனிம எண்ணெய். இருபது ஐம்பது என்று டப்பாவில் போட்டிருக்கும். வருஷம் முழுக்க அதையே ஊற்றலாம், நம் ஊர் வெயிலுக்கு. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் முடியவில்லை.

இது என் கணவருக்குத் தெரியாதா? வேதியியல் பேராசிரியருக்கு எண்ணெய் தெரியாதா? எல்லாம் தெரியும். ஆனால் அவரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. வண்டியோடு இங்கிலாந்திலிருந்து வந்த கையேடு. எங்கள் பூஜை அறையில், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கையேடு சொல்கிறது, குளிர்காலம் வந்ததும் கனமான எண்ணெயை வடித்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஊற்றுக என்று. குளிர்காலம் என்றால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. எங்கே? பனி கொட்டும் ஊரில். ஏரி உறையும் ஊரில். மூச்சு விட்டால் புகை வரும் ஊரில். நம் கொளவாய் ஏரி என்றைக்கு ஐயா உறைந்தது?

இவர் என்ன செய்தார்? கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, வண்டிக்குக் குளிர்கால எண்ணெய் மாற்றினார். வருடா வருடம் மாற்றினார்.

ஒரு நாள் நான் அந்தக் கையேட்டைப் புரட்டினேன். அடுத்த பக்கத்திலேயே போட்டிருக்கிறது, "வெப்பமான நாடுகளில் எல்லாப் பருவத்திலும் கனமான எண்ணெயே ஊற்றுக." கொண்டுபோய்க் காட்டினேன். என்ன சொன்னார் தெரியுமா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அது காலனி நாடுகளுக்குப் போட்ட பக்கம், பெருந்தேவி. நம்ம வண்டி ஒரிஜினல் இங்கிலாந்து வண்டியாக்கும்."

செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு. வேட்டி கட்டிக்கொண்டு.

சிரிக்கும் ஆண்களை நான் குறித்துக்கொண்டிருக்கிறேன். அதோ, சன்னல் ஓரத்தில் இருக்கும் உங்கள் வண்டியில் எந்த எண்ணெய் என்று நான் கேட்கவா? வேண்டாம் என்று கைகூப்புகிறார். விட்டுவிடுகிறேன்.

அப்படி ஒரு குளிர்காலத்தின் நடுவில்தான், தை மாதத்தில், எங்கள் மகள் அதிதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹர்ஷவர்தன், நாவலூரில் வேலை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் ஜானவாசம் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டு போட்டு, கோயிலில் மாலை போட்டு, கூரையில்லாத காரில் உட்கார வைத்து, நாதஸ்வரம் முன்னே போக, ஊரே வேடிக்கை பார்க்க, மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். கூரையில்லாத கார். நாடெங்கும் கல்யாண வீட்டார் இதற்காக அலைகிறார்கள். எங்களிடம் சொந்தமாக இருக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் பேசிய அன்றே இவர் முடிவு செய்துவிட்டார், மாப்பிள்ளை என் வண்டியில், நான் ஓட்ட, வருவார் என்று. ஜாதகம் பொருந்துகிறதா என்பது இரண்டாவதாகத்தான் பார்க்கப்பட்டது.

பந்தயத்தில் பறக்கப் பிறந்த வண்டி, பெரியோர்களே. நெடுஞ்சாலையில் காற்றைக் கிழிக்கப் பிறந்த வண்டி. அதைக் கொண்டுவந்து தவில்காரருக்குப் பின்னால் விட்டோம். அவர் நடந்தால் வண்டி நடக்கும், அவர் நின்றால் வண்டி நிற்கும். தெருமுனைக்குத் தெருமுனை அவர் நின்றார். நின்று தனி ஆவர்த்தனம் வாசித்தார். நல்ல வித்வான், குறை சொல்ல முடியாது. வண்டி முதல் கியரில் நின்று முனகியது. இன்ஜின் கொதித்தது. லண்டன் பனிக்காக ஊற்றிய எண்ணெய் செங்கல்பட்டுச் சாயங்காலத்தில் தண்ணீராய் இளகியது.

நான் பின்னால் பெண்களோடு நடந்து வந்தேன். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதே இன்ஜினை அணைத்திருந்தால் வண்டி பிழைத்திருக்கும். ஆனால் எதிர்ச்சாரியில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கவில்லை. முள் அடியில் போய்ப் படுத்தது. உள்ளேயிருந்து தகரத்தைத் தட்டுவது போல் ஒரு சத்தம். தவிலோடு சேர்ந்துகொண்டதால் முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வண்டி நின்றது. தவில்காரர் போய்க்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை இறங்கினார். மாலையைச் சரி செய்துகொண்டார். "மாமா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாத்துக்கோங்கோ" என்றார். கோட்டோடு, சூட்டோடு, குனிந்து, தன்னுடைய ஜானவாசக் காரைத் தானே தள்ளினார்.

பழக்கடை வாசலில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"இன்னா அண்ணாத்த, மாப்ளயே தள்ளிகினு போறாரு?"

"அவுங்க வூட்டு வழக்கம் போல கீதுப்பா. வாழ்க்க அப்டித்தான்னு காட்டுறாங்க."

வழக்கம்தான் ஐயா, எங்கள் வீட்டு வழக்கம்தான். அன்றிரவு மண்டபத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், மகளும் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் இவர் முகத்தைப் பாருங்கள், பெண்ணைக் கொடுத்த தகப்பன் முகம் இல்லை, வண்டியை இழந்தவன் முகம்.

கல்யாணம் முடிந்து இன்ஜினைப் பிரித்தார்கள். பேரிங் போயிருந்தது, அது கிடைத்துவிட்டது. கிடைக்காதது, எண்ணெயை மேலே ஏற்றும் பம்புக்குள் ஒன்றோடொன்று பல் கோத்துச் சுழலும் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள். உள்ளங்கையில் அடங்கும். அந்த உள்ளங்கைப் பொருளுக்காக என் கணவர் உலகத்தைச் சுற்றினார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. இங்கிலாந்தில் ஒரு கடையைப் பிடித்தார். முதல் பார்சல் வந்தது. அது அடுத்த வருஷத்து மாடலுக்கு உரியது, பொருந்தவில்லை. இரண்டாவது பார்சல் சுங்கத்தில் தூங்கியது. எழுந்து வந்தபோது அட்டைப்பெட்டியின் மேல் இங்கிலாந்துக் கொடி. அந்தப் பெட்டியை இவர் திறந்த பக்குவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் நிச்சயதார்த்தத்தில் எனக்கு மோதிரம் போடும்போது அந்தப் பக்குவம் இல்லை.

பொருத்தினார். ஓட்டினார். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் முள் மறுபடியும் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், இங்கிலாந்துப் பல்சக்கரத்தின் பற்கள் வெல்லம் தின்ற குழந்தையின் பல் மாதிரி தேய்ந்திருந்தன. கடைக்காரருக்கு எழுதினார். "நீங்கள் என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்" என்று திருப்பிக் கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்வியில் இவர் இடிந்துபோய்விட்டார். தேய்ந்த சக்கரத்தை எறியவும் மனம் வரவில்லை. லண்டன் சாமான் அல்லவா? என் அலுவலக மேசையில், கட்டுகள் பறக்காமல் இருக்க, பேப்பர் வெயிட்டாகக் கொண்டுவந்து வைத்தார்.

அங்கேதான் வந்தார் பஷீருதீன். என் கட்சிக்காரர். சிங்கப்பெருமாள் கோயிலில் இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்கூடம் வைத்திருக்கிறார். அடக்கமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய விசிட்டிங் கார்டு கல்யாணப் பத்திரிகை அளவு இருக்கும். வாய்தா தேதி கேட்க வந்தவர், மேசையிலிருந்த சக்கரத்தை எடுத்துப் பார்த்தார்.

"இன்னா மேடம், இத்த எங்க புடிச்சீங்க?"

"லண்டன்லேர்ந்து வந்துது. எங்காத்து வண்டிக்கு."

அவர் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"லண்டனாவது ஒண்ணாவது. இது நம்ம மாலு மேடம். ஓரத்துல மூணு புள்ளி கீது பாருங்க, நம்ம குறி. நாங்க வெளிநாட்டுக்கு அனுப்புற சரக்கு. ஆனா இது நல்ல மாலு இல்ல, நம்ம ரிஜெக்ட்டு. சூளையில சரியா வேகல, இரும்பு மெதுவா கீது. கழிச்சுத் தள்ளிட்டோம். எவனோ பழைய இரும்புல எடுத்துக் கப்பல் ஏத்திக்கீறான். பேஜாரு புடிச்ச பசங்க."

பெரியோர்களே, தாய்மார்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். சிங்கப்பெருமாள் கோயிலில் கழித்துப் போட்ட இரும்பு. கப்பல் ஏறியது, கடல் கடந்தது, கொடி போட்ட பெட்டிக்குள் குடியேறியது. சுங்கம் கட்டித் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுப் பூஜை அறையில் குங்குமம் வாங்கிக்கொண்டது. புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் நடுவே மின்சார ரயிலில் இரண்டே ஸ்டேஷன்.

மறுநாளே இவரை இழுத்துக்கொண்டு அவருடைய தொழிற்கூடத்துக்குப் போனேன். பஷீருதீனின் ஏசி அறையில் உட்கார்ந்தபோதுதான் அந்தக் கையேடு சொல்லும் குளிர்காலத்தை நான் முதன்முதலாக உணர்ந்தேன். நல்ல சக்கரம் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். "சார், வெயில் ஊருக்குக் கனமான ஆயிலா ஊத்துங்க, அவ்ளோதான்" என்றார். இவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போ இதுக்குப் பெட்டி கிடையாதா?"

பொருத்தினார். கனமான எண்ணெயை ஊற்றினார். காலனி நாடுகளுக்குப் போட்ட பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றினார். அந்த ஒரு தோல்வியை என் வாழ்நாள் வெற்றியாக எழுதிக்கொண்டேன். மாமல்லபுரம் வரை போனோம். நான் பக்கத்து இருக்கையில். முள் நிமிர்ந்து நின்றது. கடற்கரைச் சாலையில் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் பாடி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பாடினார். சுருதி சேரவில்லை, இன்ஜினோடும் சேரவில்லை. அந்த நிமிடம் எனக்கு அந்த வண்டியைப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரையும் புதிதாகப் பிடித்துவிட்டது.

இப்போது ஒரு வழக்கறிஞராக உங்களைக் கேட்கிறேன். அந்தச் சக்கரம் இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது. வெளியே தெரியாது. பிரித்தால் ஒழிய எவருக்கும் தெரியாது. பிறகு நேற்றைக்குச் செயற்குழுவுக்கு எப்படித் தெரிந்தது? புகார் கொடுத்தது யார்? உளவு சொன்னது யார்?

மூன்றாவது வரிசை. தூணுக்குப் பக்கத்தில்.

இவரே போய்ச் சொன்னார். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள் என்று தினமும் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் தானாகப் போய், "என் வண்டியில் உள்ளூர்ச் சாமான் இருக்கிறது, விதிப்படி நடவடிக்கை எடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்து மோர் கேட்கிறார். இன்னும் கேளுங்கள். அந்த ஏழாம் விதியை எழுதியது யார்? சங்கம் தொடங்கிய நாளில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி எழுதியது யார்? அவரேதான். விதியை எழுதியவர் அவர், மீறியவர் அவர், புகார் கொடுத்தவர் அவர், தண்டனையை ஏற்றுக்கொண்டு லாரிக்குச் சொல்லி அனுப்பியவரும் அவர். நாற்காலி ஒன்றுதான் காலியாக இருந்தது, எதிர்வாதி வக்கீலின் நாற்காலி. அதில்தான் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடித்துவிடுகிறேன். உங்கள் வண்டியிலும் கொடி போட்ட பெட்டியில் வந்த பம்ப் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கிறதா என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும். நான் கேட்பது ஒன்றுதான். கழித்துப் போட்ட சக்கரம் கப்பலில் போய் வந்தால் ஒரிஜினல், நல்ல சக்கரம் ஆட்டோவில் வந்தால் அந்நியம். பொய்யான பெட்டிக்கு ஊர்வலம், உண்மை சொன்ன மனிதருக்கு ஜூஸ் கவுண்டர். இதுவா விதி? இதற்கா விழா?

எது ஐயா அந்நியம்? அந்த வண்டியின் சக்கரத்தில் இருக்கும் காற்று எந்த ஊர்க் காற்று? அதன் ரேடியேட்டரில் கொதிக்கும் தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர்? அதன் மேல் படியும் புழுதி திருக்கழுக்குன்றத்துப் புழுதி. அதை அரிக்கும் உப்பு மாமல்லபுரத்து உப்பு. நின்றுபோனால் தள்ளும் கை நாவலூர்க் கை. பார்த்துச் சிரிக்கும் வாய் செங்கல்பட்டு வாய். இங்கிலாந்தில் அது இருந்தது சில வருஷம். இங்கே இருப்பது ஒரு வாழ்நாள். அதற்கு இந்த வெயிலில் வேர்க்கிறது, இந்த மழையில் ஒழுகுகிறது, இந்தச் சாலைப் பள்ளத்தில் இடுப்பு நோகிறது. இதற்குமேல் குடியுரிமை வாங்க அந்த வண்டி வேறென்ன செய்ய வேண்டும்?

புத்தகத்தைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படித்துவிட்டு ஒரு தரம் சன்னலைத் திறந்து வெயிலையும் பாருங்கள். எந்தச் சாலையில் ஓட்டுகிறோமோ அந்தச் சாலைக்கு எண்ணெய் ஊற்றுங்கள். எந்த இரும்பு உழைக்கிறதோ அந்த இரும்பை நம்புங்கள். பெட்டியைக் கும்பிடாதீர்கள்.

இந்தக் கைதட்டலை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. எனக்குக் கை வேண்டும், தூக்கிய கை. ஏழாம் விதியை இந்தச் சபை நீக்குகிறது என்று தீர்மானம் முன்மொழிகிறேன். தலைவர் அனுமதிக்கிறாரா? தலையசைக்கிறார். செயற்குழுவும் அசைக்கிறது. நன்றி. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

தாய்மார்கள் வரிசை முழுக்க. முன்வரிசை முழுக்க. அதோ, சன்னல் ஓரத்தவர் இரண்டு கையையும் தூக்குகிறார், ஒன்று போதும் ஐயா. தலைவரும் தூக்கிவிட்டார். எதிர்ப்பவர்கள்?

ஒரே ஒரு கை. மூன்றாவது வரிசை.

எனக்குத் தெரியும், அவர் தூக்குவார் என்று. தூக்கவில்லை என்றால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இந்த வழக்கில் ஓட்டு இல்லை. கையைக் கீழே போடுங்கள், வலிக்கும். தீர்மானம் நிறைவேறியது.

ஆகவே நாளைக் காலை எங்கள் வண்டி ஊர்வலத்தில் முதலாவதாகப் புறப்படும். படூர்க்காரருக்கு நான் இப்போதே செய்தி சொல்லிவிடுகிறேன், ஜூஸ் போடுவதற்கு அவர் வேறு பாத்திரம் பார்த்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் தன்னுடைய விதியைத் தானே மீறமாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டில் உட்கார்ந்தால், பரவாயில்லை, சாவி என் கைப்பையில் இருக்கிறது. இதோ. நானே ஓட்டுகிறேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஸ்கூட்டர் லைசென்ஸ்.

பாருங்கள், எழுந்துவிட்டார். வருகிறார். வழி விடுங்கள். என்ன சொல்கிறார்? மைக்கைக் கொடுங்கள் அவரிடம்.

"பெருந்தேவி, நோக்கு அந்த வண்டியில கியர் விழாது."

விழாது. எனக்குத் தெரியும். அதனால்தான் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். இந்தாருங்கள், சாவி.

வாங்கிக்கொண்டார். இத்தனை பேரைச் சாட்சியாக வைத்து வாங்கிக்கொண்டார். வழக்கு முடிந்தது. பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கை தூக்கிய தாய்மார்களுக்கும், கடிகாரத்தை ஒருவழியாகக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்ட தலைவர் அவர்களுக்கும் நன்றி. போண்டா ஆறுவதற்குள் விடைபெறுகிறேன். எல்லாருக்கும் வணக்கம்.